கூப்பிட்டால் வரும், சொன்னால் கேளாது: சமனராக மூன்று வருசம்

கேமின் பெயர் வேண்டாம். மூன்று வருசமாக அதில் சமனராகத்தான் (summoner) விளையாடுகிறேன், அதாவது துணைக்கு மிருகம், பூதம் என்று வரவழைத்துச் சண்டைக்கு விடுகிற ஆளாக. இரண்டு ஓநாய், நாலு எலும்புக்கூடு, 20 செக்கன் மட்டும் நின்றுவிட்டுப் போகிற ஒரு பூதம். இவ்வளவும்தான் என் படை. தனியே திரிந்து லெவல் ஏற்றுவதற்கு இதைவிடச் சுகமான வகுப்பு (கேமில் நாம் தெரிவுசெய்கிற பாத்திர வகை) இல்லை. ஓநாய் முன்னால் நின்று அடிவாங்கும், நான் பின்னால் நின்று பிளேன்ரீ குடிப்பேன். அதில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல ஏலாது.

ஆளோடு ஆள் மோதுகிற அரீனாவுக்குள் கால் வைத்த அன்றுதான் சனி பிடித்தது.

போன மாசம், ரெண்டுக்கு ரெண்டு ஆட்டம். என்னோடு சேர்ந்து விளையாடுகிறவன் கோண்டாவில் பெடியன், மந்திரவாதி. எதிர் ரீமின் வைத்தியரை 8 செக்கனுக்கு உறைய வைத்துவிட்டான். அந்த உறைவு ஒரு அடி விழுந்தாலும் உடைந்துவிடும். ஆகவே அவரைத் தொடாமல் மற்றவனை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மற்றவனுக்கு உயிர் கால்வாசிதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து என் ஓநாய் திரும்பி, உறைந்து நின்ற வைத்தியரின் காலைப் போய்க் கடித்தது.

"அண்ணை, நாயைப் பிடியுங்கோ!" என்று ஹெட்செட்டுக்குள் கத்துகிறான்.

எதைப் பிடிக்கிறது? அதற்குப் பட்டனே இல்லை.

வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் என்கிற கேமில் இப்படி வரவழைக்கிற துணைகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெற் (pet) என்றால் அடி, பின்னால் வா, நில் என்று ஏவ பட்டன்கள் இருக்கும், சும்மா இரு என்றும் சொல்லலாம். கார்டியன் என்றால் வரவழைப்பதோடு உங்கள் அதிகாரம் சரி. என்னுடைய கேமில் எல்லாமே இரண்டாவது சாதி. குட்டிச்சாத்தானை வைத்திருக்கிறவன் அதுக்கு ஓயாமல் வேலை கொடுக்க வேணும், இல்லாட்டி அவனையே பிடிக்கும் என்று அம்மம்மா சொல்லுவா. எனக்கு அந்த வேலை கொடுக்கிற உரிமைகூட இல்லை.

முதலில் இன்ரநெற்றைத்தான் திட்டினேன். டொங்கிளை விட்டு ஃபைபருக்கு மாறினேன். பிங் (சேர்வருக்குப் போய்த் திரும்புகிற தாமதம்) பாதியாக இறங்கியது, ஓநாய் அப்படியேதான் இருந்தது. பாலத்தில் இருந்து நான் கீழே குதித்தால் அது குதிக்காது. படியைத் தேடி அரைவாசி மைதானத்தைச் சுற்றி ஓடி வரும். அது வந்து சேருகிறபோது நான் செத்துக் கிடப்பேன். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதைதான், இங்கே நாயும் என்னுடையது.

2000ஆம் ஆண்டு வந்த டயப்லோ 2 என்கிற கேமிலும் நெக்ரோமான்சரின் (செத்தவர்களை எழுப்புகிற மந்திரவாதியின்) எலும்புக்கூடுகளை ஏவ முடியாது. 2017இல் டயப்லோ 3க்கு அதே நெக்ரோமான்சர் வந்தபோது, இவனை அடி என்று எலும்புக்கூடுகளுக்குக் காட்டிவிட ஒரு திறனே கொடுத்தார்கள். நான் கேட்பதும் அந்த ஒரு பட்டனைத்தான். பலத்தைக் கூட்டச் சொல்லவில்லை; வேண்டுமென்றால் கடியைப் பாதியாகக் குறைக்கட்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கு. இந்தக் கூத்தால் நான் வென்ற ஆட்டங்களும் உண்டு. எதிரி என்னைக் குறிவைக்க, இலக்கை மாற்றுகிற டாப் (Tab) கீயைத் தட்டுவான், ஒவ்வொரு முறையும் ஏதாவது எலும்புக்கூடுதான் மாட்டும். ஆள் குழம்பி நிற்கிற நேரத்தில் அடித்து வென்றுவிட்டு, நானும் ஒரு விளையாட்டுக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்த மனம் வராது.

இப்போது அரீனா தொடங்க முதலே குதிரையில் ஒருக்கால் ஏறி இறங்குவேன், ஏறினால் வரவழைத்தது எல்லாம் மறைந்துவிடும். பிறகு உறைவு முடிகிற நேரம் பார்த்துப் பூதத்தை மட்டும் எடுப்பேன். பாதிப் படையோடு முழு எதிரியை அடிக்கிற பிழைப்பு. லெவல் ஏற்ற மட்டும் என்றால் இந்த வகுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ. அரீனாதான் ஆசை என்றால் வில்லாளியைப் பாருங்கோ.

கோண்டாவில் பெடியன் இப்பவும் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முதலும் கேட்பான்: "அண்ணை, நாய் வெளியிலை நிக்குதோ?"

"கட்டிப்போட்டாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் ரெடி அடிப்பான்.