'சேக்ரட் புக்ஸ் ஆஃப் தி ஈஸ்ட்': ஐம்பது தொகுதியையும் வாங்கலாமா?

கிழக்கத்திய மதங்களின் நூல்களை ஆங்கிலத்தில் தந்த மொழிபெயர்ப்பு வரிசை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மொத்த செட்டாக வாங்காதீர்கள். பதிப்புரிமை எல்லாம் எப்போதோ முடிந்து, இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் பிரதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அலமாரியில் வரிசையாக நின்றால் பார்க்க நன்றாக இருக்கும், அது ஒன்றுதான் வாங்கக் காரணம். ஆனால் படிக்காமல் விடாதீர்கள். மேற்கத்திய அறிஞர்கள் இந்து மதம் என்று எதை எடுத்துக்கொண்டார்கள், எதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்பது இந்த ஒரு வரிசையைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1879 முதல் 1910 வரை ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் அச்சகம் வெளியிட்டது. பௌத்தம், சமணம், ஜொராஸ்டிரியம், சீன நூல்கள், குர்ஆன் எல்லாம் போக நம் பக்கத்துக்கு, அதாவது இந்து நூல்களுக்கு, 21 தொகுதிகள். அதில் தர்மசூத்திரங்களும் ஸ்மிருதிகளும் 5, வீட்டுச் சடங்குகளைச் சொல்லும் கிருஹ்ய சூத்திரங்கள் 2, வேள்விகளை விளக்கும் சதபத பிராமணம் மட்டுமே 5. ஆக பாதிக்கு மேல், 12 தொகுதி, சட்டமும் சடங்கும். உபநிஷதங்களுக்கு 2, கீதைக்கு 1, வேதாந்தத்துக்கு 3, மிச்சம் மூன்றில் ரிக், அதர்வ வேதப் பாடல்கள். புராணம் கிடையாது, ஆகமம் கிடையாது, ஆழ்வார்கள், நாயன்மார்கள் யாருமே கிடையாது. தமிழ் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று சமாதானம் சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஜி.யு. போப்பின் திருவாசக மொழிபெயர்ப்பை 1900-இல் வெளியிட்டது இதே கிளாரண்டன் அச்சகம்தான். ஆனால் இந்த வரிசைக்குள் அதற்கு இடமில்லை. பக்தி என்ற ஒன்று இருப்பதே, கீதையையும் ராமானுஜரையும் விட்டால், இதை மட்டும் படிக்கிறவருக்குத் தெரியாது.

மாக்ஸ் முல்லர் என்றதும் 1866-இல் அவர் மனைவிக்கு எழுதிய கடிதத்தை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். வேதத்தை மொழிபெயர்த்துக் காட்டினால் மூவாயிரம் ஆண்டுகளாக அதிலிருந்து முளைத்ததை எல்லாம் பிடுங்கிவிடலாம் என்கிற கடிதம். அது உண்மையான கடிதம்தான். அதே மனிதர் 1882-இல் கேம்பிரிட்ஜில் நின்று இந்தியாவை வாயார புகழ்ந்ததும் உண்மைதான். அவர் மனதில் என்ன இருந்தது என்று சண்டை போடுவதில் எனக்கு அலுத்துவிட்டது. எதை வேண்டுமென்றும் எதை வேண்டாமென்றும் பொறுக்கினார்கள் என்பது நம் கண்முன்னாலேயே இருக்கிறது, அதைப் பேசுவோம். முதல் தொகுதியின் முன்னுரையிலும் அவர் எதையும் மறைக்கவில்லை. இந்த நூல்களில் உயர்ந்ததோடு கூடவே அபத்தமானதும் அருவருப்பானதும் கிடக்கிறது என்று நேராகவே எழுதுகிறார். இந்தியா பக்கம் ஒருமுறைகூட வராதவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்த முன்னுரையைப் படியுங்கள், சுவாரஸ்யமாக இருக்கும்.

சரி, நல்லது எது? சந்தேகமே இல்லாமல் ஜார்ஜ் தீபோ. இவர் காசியிலும் அலகாபாத்திலும் வேலை பார்த்தவர். வேதாந்தத்தின் அடிப்படை நூலான பாதராயணரின் பிரம்ம சூத்திரத்தை, சங்கரர் அதற்கு எழுதிய உரையான சங்கர பாஷ்யத்தோடு 34, 38-ஆம் தொகுதிகளில் மொழிபெயர்த்தார். 34-க்கு (1890) அவர் எழுதிய முன்னுரையே நூறு பக்கத்துக்கு மேல் போகிறது, செட்டிலேயே பெறுமானமான பகுதி அதுதான் என்பேன். உபநிஷதங்களை ஒரே தத்துவமாகக் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் சங்கரர் வழி பொருந்துகிறது, ஆனால் பாதராயணரின் சூத்திரங்கள் சொல்வதற்குப் பல இடங்களில் ராமானுஜர்தான் நெருக்கம், உலகம் மாயை என்கிற மாயாவாதம் சூத்திரங்களில் இல்லை என்று சூத்திரம் சூத்திரமாக வாதாடிக்கொண்டே போகிறார். சங்கரர் வழி வந்த அத்வைதிகளுக்கு எரிச்சல் வரும், வரட்டும். வேதாந்தம் என்றாலே சங்கரர் என்று ஐரோப்பாவில் பலர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதுவும் சங்கர பாஷ்யத்தின் மொழிபெயர்ப்புக்கே எழுதிய முன்னுரையில் இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும். சொன்னதோடு நிற்காமல் 1904-இல் அதே சூத்திரங்களுக்கு ராமானுஜர் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யம் முழுவதையும் 48-ஆம் தொகுதியாகக் கொடுத்தார். மேற்கத்தியர் என்றாலே நம்மைத் திரித்தவர்கள் என்று ஒரே தட்டில் வைப்பவர்கள் இந்த இரண்டையும் படித்துவிட்டுப் பேசலாம்.

கீதை, 8-ஆம் தொகுதி, காசிநாத் திரியம்பக் தெலாங் செய்தது. அந்த 21-இல் மொழிபெயர்ப்பாளர் இந்தியராக இருப்பது இது ஒன்றில்தான். பைபிளிலிருந்து கீதை கடன் வாங்கியது என்று லோரின்சர் என்ற ஜெர்மானியர் கிளப்பிய வாதத்தை 1875-லேயே மறுத்து எழுதியவர் இவர். மொழிபெயர்ப்பு கொஞ்சம் வறட்சி, ஆனால் கூடவே மகாபாரதத்திலேயே வரும் சனத்சுஜாதீயமும் அனுகீதையும் கிடைப்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

பெரிய தொல்லை எழுத்துமுறை. ச, ஜ ஒலிகளுக்கு k, g என்ற ஆங்கில எழுத்துகளையே சாய்த்துப் போட்டிருப்பார்கள், அதனால் அர்ஜுனன் 'அர்குன' ஆகிவிடுகிறார், சாந்தோக்யம் 'காந்தோக்ய'. ஸ்கேனிலிருந்து எடுத்த வெறும் எழுத்துப் பிரதியில் அந்தச் சாய்வும் போய்விடும், அப்புறம் தேடினால் எதுவும் அகப்படாது.

உபநிஷதங்களுக்கும் மனுவுக்கும் இந்த வரிசையை நம்ப வேண்டாம், பேட்ரிக் ஒலிவெல்லின் பதிப்புகள் எவ்வளவோ மேல். ரிக் வேதத்துக்கு ஜேமிசன், பிரெரட்டன் இருவரும் 2014-இல் கொண்டுவந்த மூன்று தொகுதிகள் இருக்கின்றன. 'சேக்ரட் புக்ஸ்' வரிசையில் தீபோவின் மூன்றையும் தெலாங்கையும் இறக்கி வையுங்கள். காசு போட்டே ஆகவேண்டும் என்றால் விண்டர்னிட்ஸ் தயாரித்த 50-ஆம் தொகுதியை, அதாவது பொருளடைவை, பழைய புத்தகக் கடையில் பார்த்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திரையில் புரட்டுவது பெரிய அவஸ்தை.