கொரிய வாழ்க்கைத்துணை விசா: முகவர் சேவைக்குக் கொடுத்த காசு தகுமா?

என் கணவர் கொரியக் குடிமகர். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். இங்கேயே திருமணத்தைப் பதிந்து, ஓராண்டுக்கு மேல் இங்கேயே குடித்தனம் நடத்திவிட்டுப் பூசானுக்குக் குடிபெயர முடிவெடுத்தபோது, எனக்கு எஃப்-6 எனப்படும் திருமணக் குடியேறி விசா தேவைப்பட்டது. அதற்காகத் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் இயங்கும் ஒரு முகவர் நிறுவனத்தின் ‘முழுச் சேவை’யைப் பெற்றோம். கட்டணம் நான்கு இலக்கத் தொகை. கொரியத் தரப்பு ஆவணங்களைச் சரிபார்த்துத் தந்ததற்கு அந்தக் காசு தகும். மற்ற வேலைகளில் பெரும்பாலானவற்றைத் தம்பதியரே செய்துகொள்ளலாம், ஒன்றிரண்டை அவர்களேதான் செய்ய வேண்டும் என்பது என் முடிவு.

சிங்கப்பூர்ப் பக்கத்து வேலைகளுக்கு முகவர் தேவையே இல்லை. மணமக்களில் ஒருவர் குடிமகராகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் திருமணப் பதிவகத்தில் கட்டணம் 42 வெள்ளி. அறிவிப்புக் கொடுத்து 21 நாள் கழிந்த பிறகு, ஆனால் அறிவிப்புத் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள், பதிவை முடிக்க வேண்டும். சான்றிதழுக்குச் சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில், வெளிநாடுகளும் ஏற்கும் சான்று முத்திரையான அப்போஸ்டில் பெற்றுக்கொண்டால் போதும். 2021 செப்டம்பர் 16 முதல் இதற்கான அனைத்துலக உடன்படிக்கை சிங்கப்பூரில் நடப்பில் இருக்கிறது, கொரியா 2007 முதலே அதில் உறுப்பு நாடு; ஆகவே முன்போல் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கிச் சான்றொப்பம் வாங்கும் நிலை இன்று இல்லை. இதை வாங்கித் தருவதற்கென்று முகவர் தனியாகக் காசு கேட்டார். நாங்கள் மறுத்துவிட்டு நாங்களே வாங்கினோம்.

வெளிநாட்டில் நடந்த திருமணத்தைக் கொரியக் குடிமகர் 3 மாதத்துக்குள் தம் நாட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஸ்காட்ஸ் சாலையில் உள்ள கோல்ட்பெல் டவர்ஸில் இயங்கும் கொரியத் தூதரகத்தில் இதைச் செய்யலாம். கணவர் ஊருக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் அங்குள்ள வட்டார அலுவலகத்தில் நேரடியாகவே கொடுத்துவிடலாம், அது விரைவில் முடியும். சான்றிதழின் கொரிய மொழிபெயர்ப்பைக் கணவரே எழுதி, மொழிபெயர்த்தவர் என்று தம் பெயரைக் குறிப்பிட்டுக் கொடுத்தாலே ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு பக்கச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்புக் கட்டணம் கேட்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

முகவரின் உண்மையான திறமை தெரிந்த இடம் பெயர். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சிங்கப்பூர்க் கடப்பிதழில் பலருக்குத் தந்தை பெயருக்கு முன்னால் ‘டி/ஓ’ (மகள்) அல்லது ‘எஸ்/ஓ’ (மகன்) இருக்கிறது. கொரியப் படிவங்களோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இயற்பெயருக்கு ஒரு கட்டம் என்று பிரித்தே கேட்கின்றன. அதோடு, பதிவேட்டில் ஏறும் பெயரைக் கொரிய எழுத்தில் எழுத வேண்டும். கயல்விழி என்ற பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் ‘பிஜி’ என்று முடியும், ஒலியைக் கேட்டு எழுதினால் ‘பில்லி’ என்று முடியும். பதிவேட்டில் ஒரு வடிவம், விசா மனுவில் வேறொரு வடிவம், பின்னர் வங்கியிலும் மருத்துவக் காப்பீட்டிலும் இன்னொரு வடிவம் என்று ஆகிவிட்டால், எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பாடு நம் தலையில் விழும். எங்கள் கோப்பைப் பார்த்த பெண்மணி என் கடப்பிதழைத் திறந்து வைத்துக்கொண்டு, புகைப்படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரு வரிகளைப் பென்சிலால் எழுத்தெழுத்தாகத் தொட்டு ஒவ்வோர் ஆவணத்தோடும் ஒப்பிட்டார். கொரிய வடிவத்தை என் வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டு ஒன்றை முடிவு செய்து, அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டினார். பிறகு வந்த எந்தத் தாளும் அந்தத் துண்டோடு ஒத்துப்போகாமல் உள்ளே போகவில்லை. இந்த அக்கறைக்கு நான் மனமாரக் காசு கொடுப்பேன்.

அடுத்தது வருமான நிபந்தனை. அழைக்கும் கொரியத் துணையின் கடந்த ஓராண்டு வருமானம், நீதி அமைச்சு ஆண்டுதோறும் குடும்ப அளவுக்கேற்ப அறிவிக்கும் தொகையை எட்ட வேண்டும். 2025இல் இருவர் குடும்பத்துக்கு அது சுமார் 23.6 மில்லியன் வோன். வருமானம் குறைந்தால், 6 மாதத்துக்கு மேல் கையில் உள்ள சேமிப்பு, வீடு போன்ற சொத்து மதிப்பில் 5 விழுக்காட்டை வருமானமாகச் சேர்த்துக் கணக்கிடலாம். என் கணவர் சிங்கப்பூரில் சம்பாதித்தவர், கொரியாவில் அவருக்கு ஒரு வோன்கூட வருமானமில்லை. நாங்கள் முதலில் விசாரித்த வேறொரு முகவர், அவர் ஊருக்குத் திரும்பி ஓராண்டு வேலை பார்த்த பிறகே விண்ணப்பிக்க முடியும் என்று கூறினார். ஓராண்டுப் பிரிவு என்பது புதிதாக மணமான யாருக்கும் லேசான விஷயமன்று. இந்த நிறுவனமோ, வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்து, கடந்த ஓராண்டில் கொரியாவில் வருமானம் ஈட்டாத தம்பதியருக்கும், குழந்தை பெற்ற தம்பதியருக்கும் இந்த நிபந்தனையில் விலக்கு உண்டு என்பதை முதல் சந்திப்பிலேயே எடுத்துக் காட்டியது. இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், தண்ணீர் மின்சாரக் கட்டண ரசீதுகள், கணவரின் வேலை அனுமதி, அவருடைய கொரியக் குடிநுழைவுப் பதிவு ஆகியவற்றை ஒரே காலவரிசையில் அடுக்கிக் கொடுத்தார்கள். விலக்கு இருந்தாலும், கொரியாவில் தங்கப்போகும் வீட்டுக்கான சான்று தேவை என்பதால், மாமனார் வீட்டுச் சொத்துப் பதிவுப் படியையும் முன்கூட்டியே கேட்டு வாங்கினார்கள்.

மொழி நிபந்தனையையும் அவர்கள் தெளிவாக விளக்கினார்கள். டோபிக் எனப்படும் கொரிய மொழித் திறன் தேர்வில் முதல் நிலை, அல்லது கொரிய மொழி கற்பிக்கும் கிங் செஜோங் கல்விக்கழகத்தின் தொடக்கநிலைப் படிப்பு, இவை இல்லையென்றால் வெளிநாட்டுத் துணையின் மொழி வழங்கும் நாட்டில் கொரியத் துணை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்திருப்பது என வழிகள் உண்டு. எங்களுக்குக் கடைசி வழி பொருந்தியது. ஆனாலும் கொரிய மொழி படிக்காமல் மாமியார் வீட்டுக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தச் சேவையில் நான் கடுமையாகக் குறை சொல்லும் இடம், திருமணப் பின்னணி விவரப் படிவம். எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தார்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், இரு வீட்டாருக்கும் தெரியுமா என்றெல்லாம் அது கேட்கிறது. முகவர் யாருக்கும் பொருந்தும் ஆயத்த வாசகங்களை நிரப்பிக் கையொப்பத்துக்கு நீட்டினார். மேலும், நம் வழக்கப்படி பதிவுத் திருமணம் ஒரு நாளிலும், சிராங்கூன் சாலைக் கோவிலில் தாலி கட்டியது சில மாதங்கள் கழித்து வேறொரு நாளிலும் நடந்தன. படிவத்தில் கோவில் திருமணத் தேதி, சான்றிதழில் பதிவுத் தேதி. இடையே ஒரு வரி விளக்கம்கூட இல்லை. சுட்டிக் காட்டியபோது ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் வந்தது. இந்தத் திருமணம் உண்மையானதா என்று அதிகாரி சீர்தூக்கிப் பார்ப்பது இந்தப் படிவத்தை வைத்துத்தான். நேர்காணலுக்கு அழைத்தால் கேள்விகளும் இதிலிருந்தே வரும். இரவல் வாசகத்தை வைத்துக்கொண்டு அங்கே உட்கார முடியாது. நானே முழுவதையும் திரும்ப எழுதி, இரு சடங்குகளையும் விளக்கி, பந்தலில் இரு குடும்பத்தாரும் நிற்கும் படங்களைத் தேதியுடன் சேர்த்தேன்.

முழுச் சேவையில் இனாமாகச் சேர்த்திருந்த குடியுரிமை ஆலோசனை சிங்கப்பூரர்களுக்குப் பெரிதாகப் பயன்படாது. கொரியா 2011 முதல் திருமணக் குடியேறிகளுக்கு ஓர் உறுதிமொழியின் பேரில் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, ஆனால் சிங்கப்பூர் அனுமதிப்பதில்லை. எஃப்-6இல் 2 ஆண்டுகள் வாழ்ந்த பின் கேட்கக்கூடிய எஃப்-5 நிரந்தர வசிப்புரிமை பற்றி விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்ப்பவர்கள் இந்த நிறுவனத்தை நம்பிப் போவதற்கு முன் யோசிக்கவும். இந்தியப் பிறப்புச் சான்றிதழுக்கு மாநில அளவில் சான்றொப்பம் பெற்று, வெளியுறவு அமைச்சில் அப்போஸ்டில் வாங்க வேண்டும் என்ற அடிப்படைகூட அவர்களுக்குப் பிடிபடவில்லை. சிங்கப்பூரர்களுக்கு என் பரிந்துரை: முழுச் சேவையை வாங்காமல், பெயர்ப் பொருத்தம், வருமானம், வீட்டுச் சான்று ஆகியவற்றைச் சரிபார்க்க மட்டும் தனிக் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள், கேட்டால் தருகிறார்கள். கொரியா சென்ற 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவை முடிக்க வேண்டும் என்பதால், குடிநுழைவு அலுவலகத்துக்கான முன்பதிவைப் பயணத் தேதி உறுதியானதுமே கொரியக் குடிநுழைவுத் துறையின் ஹைகொரியா இணையத்தளத்தில் பார்க்கத் தொடங்குவது நல்லது. ஐயம் இருந்தால், அங்கே 1345 என்ற எண்ணில் குடிநுழைவு உதவி நிலையத்தை ஆங்கிலத்திலேயே கேட்கலாம். அதற்கு முகவர் வேண்டியதில்லை.