டிஜிட்டல் பேனா: எழுத்து வந்தது, புள்ளி வரவில்லை

போன தீபாவளி போனஸில் ஒரு டிஜிட்டல் பேனா வாங்கினேன், பேப்பரில் எழுதுவதை அப்படியே போனிலும் சேர்த்துவைக்கிற பேனா. பேனா, நோட்டு, இரண்டு ரீஃபில் எல்லாம் சேர்த்து 13,000 ரூபாய்ச் சொச்சம். "ஒரு பேனாவுக்கா?" என்று வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பத்து மாதமாகத் தினமும் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, இதில் வரும் குறைகளில் பாதி இந்த வகைப் பேனாக்கள் எல்லாவற்றுக்கும் பொதுதான் என்பது என் எண்ணம்.

எனக்குக் கோவையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வாரத்தில் மூன்று நாள் க்ளையன்ட் இடத்தில்தான் இருப்பேன், பவுண்டரி, பம்ப் கம்பெனி, ஸ்பின்னிங் மில் என்று. லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார இடம் கிடைக்காது, கிடைத்தாலும் மணலும் கரியும் விழும். அதனால் நோட்டுதான். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், நடுவில் கணக்கு. போன வருடம் அந்த நோட்டு ஒன்றை கணபதி போகும் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன், மூன்று வாரக் குறிப்பு போனது போனதுதான். பேனா ஆசை அன்றைக்குத்தான் வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் ஏமாற்றமாகிவிடும். பேனா முனைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத ஒளி) கேமரா இருக்கிறது. நோட்டுப் பக்கம் பார்க்க லேசாகச் சாம்பல் பூசினது மாதிரி தெரியும், கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தால் அத்தனையும் நுண்ணிய புள்ளிகள், ஒன்றுக்கொன்று சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளியில். கட்டம் போட்டது போல நேராக இருக்கவேண்டிய ஒவ்வொரு புள்ளியும் மேலேயோ கீழேயோ இடமோ வலமோ ஒரு துளி தள்ளி அச்சாகியிருக்கும். ஆறுக்கு ஆறு, 36 புள்ளியைப் பார்த்தால் போதும், இது எந்தப் பக்கத்தில் எந்த இடம் என்று பேனாவுக்குத் தெரிந்துவிடும். ஸ்வீடன்காரர்களான அனோட்டோ கம்பெனி கொண்டுவந்த வித்தை இது. லாஜிடெக் 2002-லேயே இதை வைத்து ஒரு பேனா விட்டது, அப்புறம் 2008-ல் லைவ்ஸ்கிரைப் கம்பெனியின் பேனா வந்தது.

ஆக, நாம் என்ன எழுதுகிறோம் என்று பேனாவுக்குத் தெரியாது, எங்கே போனோம் என்று மட்டும்தான் தெரியும். மை நம் கண்ணுக்காக. ஒருநாள் மீட்டிங் நடுவில் ரீஃபில் தீர்ந்துபோனது, மாற்று ரீஃபில் கையில் இல்லை. வெறும் முனையாலேயே ஒன்றரைப் பக்கம் எழுதித் தள்ளினேன். பேப்பரில் கீறல் மட்டும்தான், போனில் பேனாவின் ஆப்பைத் திறந்தால் அத்தனை வரியும் நீலத்தில் அழகாக இருக்கிறது. அன்றைக்குத்தான் 13,000 ரூபாய் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

எழுதும்போது போன் பக்கத்தில் இருக்கவேண்டியதில்லை, பேனாவே சேர்த்து வைத்துக்கொண்டு பிறகு ப்ளூடூத்தில் அனுப்பிவிடும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எனக்கு மூன்று நாள் வருகிறது. கனமும் பரவாயில்லை, ஆனால் என்னைப் போல முனையை ஒட்டிப் பிடிப்பவர்கள் பழக்கத்தை மாற்றவேண்டியிருக்கும். விரல் கேமராவை மறைத்தால் அந்த வரி அப்படியே காணாமல் போகிறது. எனக்கு ஒரு வாரம் ஆனது.

இப்போது தலைப்பில் சொன்ன புள்ளிக்கு வருகிறேன்.

நான் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பவள் இல்லை, தொட்டுவிட்டுப் போகிறவள். பெரும்பாலோர் அப்படித்தான் என்று நினைக்கிறேன். முனையில் ஓரளவு அழுத்தம் விழுந்தால்தான் இந்தப் பேனா எழுதுவதாகவே எடுத்துக்கொள்கிறது. பேப்பரில் "பட்டியல்" என்று இருப்பது ஆப்பில் "படடியல" என்று நிற்கிறது. "பாக்கி" எல்லாம் "பாககி". ஓலைச்சுவடியில் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதினார்களே, அதை வாசிக்கிற மாதிரிதான். நம் கையெழுத்து நமக்குப் புரியும், அதனால் தமிழ்ப் புள்ளி போனதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

கவலை வந்தது மார்ச் 31 அன்று. ஒரு பவுண்டரியில் இருப்புக் கணக்கு எடுக்கிறோம். எடை போடுபவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், பம்ப் கேசிங் ஒரு லாட் 36.5 கிலோ, அடுத்தது 41.2. ராத்திரி ஆபீஸில் ஆப்பைத் திறந்து வைத்து எக்ஸெல்லில் ஏற்றினால் மொத்தம் எங்கேயோ போகிறது. 36.5 என்பது 365. அடுத்தது ஒழுங்காக 41.2. அதற்கு அடுத்தது மறுபடி புள்ளி இல்லை. எல்லாப் புள்ளியும் போயிருந்தால்கூடச் சுலபம், பத்தால் வகுத்துவிடலாம், இது நாலில் ஒன்று போயிருக்கிறது. கடைசியில் பேப்பர் நோட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டோம், வீட்டுக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. இப்போது என் தாத்தா கணக்கு எழுதுகிற மாதிரி 36-500 என்று கோடு போட்டே எழுதுகிறேன். எண் எழுதும் வேலையில் இருப்பவர்கள் யாரும் இந்தப் பேனாவை நம்பிப் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கையெழுத்தை டைப் செய்த எழுத்தாக மாற்றும் வசதி இருக்கிறது. இங்கிலீஷில் நான் நிதானமாக எழுதிய பக்கங்கள் நன்றாகவே மாறின. தமிழில், ஏற்கெனவே பாதிப் புள்ளி இல்லை, போதாக்குறைக்கு என் காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். "வாரம்" என்று எழுதினால் அது பாவம் என்ன செய்யும்? மூன்று தடவை முயன்றுவிட்டு விட்டுவிட்டேன். பக்கத்தை அப்படியே பிடிஎஃப் ஆக்கி, க்ளையன்ட் பெயர் போட்டுச் சேமிக்கிறேன், அது போதும்.

எழுதும்போதே பேச்சைப் பதிவு செய்து, பிறகு ஒரு வார்த்தையைத் தொட்டால் அந்த நேரத்துப் பேச்சைக் கேட்கும் வசதியும் உண்டு. காலேஜ் பிள்ளைகளுக்கு இது ஒன்றுக்காகவே வாங்கலாம். நான் தொட்டதில்லை. க்ளையன்ட் முன்னால் ரெக்கார்ட் போட்டால் அடுத்த வருடம் ஆடிட் வேறு ஆபீஸுக்குப் போய்விடும்.

இதில் நாம் வாங்குவது பேனா இல்லை, நோட்டு. சாதாரண நோட்டில் இது வெறும் விலை கூடின பால்பாயின்ட். அவர்கள் நோட்டு ஒன்று எனக்கு 900 ரூபாய் ஆகிறது. கெட்டிக்காரத்தனமாக ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தேன், நகலில் அந்த நுண்புள்ளிகள் மங்கிப்போய், பேனா ஊமையாகிவிட்டது. கம்பெனியே புள்ளிப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகத் தருகிறார்கள், அதை நல்ல 600 டிபிஐ லேசர் பிரிண்டரில் அச்சடித்தால் வேலை செய்கிறது. அவசரத்துக்கு அப்படிச் சமாளிக்கலாம்.

நோட்டிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. முதல் நோட்டு தீர்ந்ததும் அதே மாடலில் இரண்டாவது வாங்கி எழுத ஆரம்பித்தேன். ஆப்பில் பார்த்தால் பழைய நோட்டின் 14-ஆம் பக்கத்து ஜிஎஸ்டி குறிப்பின் மேலேயே புதிய மில்லின் பஞ்சுக் கணக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது, கோழி கிளறின குப்பைமேடு மாதிரி. இரண்டு நோட்டுக்கும் புள்ளி அச்சு ஒன்றேதான், பேனாவுக்கு இரண்டும் ஒரே 14-ஆம் பக்கம். புதிதைத் தொடுவதற்கு முன் ஆப்பில் பழைய நோட்டை மூடி ஆவணப் பகுதிக்கு அனுப்பவேண்டுமாம். பெட்டிக்குள் இருந்த சீட்டில் அது கடைசி வரி.

ரீஃபில் மட்டும் நம் ஊரிலேயே கிடைக்கிறது. ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் கேட்டேன். "ஏனுங்க, இது அந்த நாலு கலர் மெட்டல் பேனாவுக்குப் போடறதுதானுங்க" என்று சொல்லி டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார், டி1 என்று பெயர், 67 மில்லிமீட்டர் நீளம். நீலம் வாங்குங்கள். கார்பன் கலந்த கறுப்பு மை இன்ஃப்ராரெட்டை உறிஞ்சிவிடும், அதன்மேல் திரும்ப எழுதினால் கேமராவுக்குப் புள்ளி தெரியாது. குட்டி ரீஃபில் என்பதால் எனக்கு ஒரு மாதம்தான் வருகிறது.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன், "அக்கா, பேசாம போன்ல போட்டோ எடுத்துடலாமே, எதுக்கு இவ்வளவு செலவு?" என்றான். நியாயமான கேள்வி. ஒழுங்காகத் தினமும் போட்டோ எடுக்கிறவருக்கு இந்தப் பேனா தேவையே இல்லை. நான் எடுக்கமாட்டேன், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுத்தான் அந்த மூன்று வாரமும் பஸ்ஸோடு போனது. போன மாதம் ஒரு க்ளையன்ட் மேஜையில் டீ கொட்டி நோட்டு முழுக்க ஊறிப்போனது. அவர் பதறிப்போய்த் துணி தேடினார். நான் டீயை மட்டும் இன்னொன்று சொல்லச் சொன்னேன்.