சார்த்ரா, ரெய்ம்ஸா: ஒரு நாள் இருந்தால் எந்தப் பேராலயம்?

பாரிஸ் பயணத்தில் கடைசியாக ஒரு நாள் மிஞ்சியது. இடைக்கால ஐரோப்பாவின் கோத்திக் பாணியில் கட்டிய பேராலயம் இன்னொன்று பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பாரிஸிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய ஊர்கள் இரண்டு, சார்த்ரா, ரெய்ம்ஸா என்று யோசித்து, சார்த்ருக்குப் போனேன். மறு வருடம் ரெய்ம்ஸும் பார்த்தாயிற்று. இப்போதும் யாராவது கேட்டால் முதலில் சார்த்ர் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டுமே மாதா கோயில்கள், இரண்டுமே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. உள்ளே போகக் கட்டணம் இல்லை, கோபுரம் ஏறத்தான் சீட்டு. சார்த்ருக்கு மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். ரெய்ம்ஸுக்கு அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம். அறிவிப்பில் 'ரான்ஸ்' என்றுதான் காதில் விழும், கவனம்.

சரித்திரம் என்று பார்த்தால் ரெய்ம்ஸ்தான் மேல். பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய இடம் அது. 1429 ஜூலை 17 அன்று ஏழாம் சார்லஸ் இங்கே முடிசூடியபோது ஜோன் ஆஃப் ஆர்க் கூடவே நின்றாள். கடைசி முடிசூட்டு 1825-ல் நடந்தது. சிற்பத்திலும் ரெய்ம்ஸை விட்டுக்கொடுக்க முடியாது. மேற்கு முகப்பின் இடது வாசலில் நிற்கும் வானதூதரின் சிரிப்பு, அடுத்த நொடி ஏதோ நல்ல சேதி சொல்லப் போகிறவரின் சிரிப்பு. 1914 போரில் அந்தத் தலை உடைந்து விழுந்தது. துண்டுகளைச் சேர்த்து மறுபடி பொருத்தியிருக்கிறார்கள்.

அப்படியிருந்தும் ஏன் சார்த்ர்? கண்ணாடிக்காக.

கோத்திக் கட்டடத்தில் கூரையின் பாரத்தைக் கூர்முனை வளைவுகளும் வெளியே முட்டுக்கொடுக்கும் வளைவுகளும் வாங்கிக்கொள்கின்றன. சுவருக்குச் சுமை குறைகிறது, அந்த இடத்தில் பெரிய பெரிய சன்னல் வைக்க முடிகிறது. அவ்வளவு கல்லையும் அடுக்கியது வெளிச்சத்துக்காகத்தான். அந்தக் காலத்துக் கண்ணாடி போய்விட்டால் பாதிக் கோயிலைத்தான் பார்க்கிறோம் என்பது என் எண்ணம்.

ரெய்ம்ஸில் நடந்தது அதுதான். 18-ம் நூற்றாண்டிலேயே வண்ணக் கண்ணாடிகளில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடி போட்டார்கள். 1914 செப்டம்பர் 19 அன்று குண்டு விழுந்து சாரம் தீப்பிடித்தது, கூரையின் ஈயம் உருகி ஓடியது. போரில் இன்னும் பல சன்னல்கள் போயின. 1974-ல் ஓவியர் மார்க் ஷகால் வடிவமைத்து வைத்த சன்னல்கள் உண்மையிலேயே அழகு. ஆனால் அவை நம் காலத்து அழகு.

சார்த்ரில் 1194-ல் பெருந்தீ வந்தது. மேற்கு முகப்பின் மூன்று நெடுஞ்சன்னல்களும் 'நீல மாதா' கண்ணாடியும் அதில் தப்பின. புதிதாகக் கட்டிய கோயிலுக்குச் செய்த சன்னல்களில் பெரும்பாலானவை 13-ம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை அங்கேயே இருக்கின்றன. 1939-ல் போர் வருகிறது என்றதும் அத்தனையையும் கழற்றிப் பத்திரப்படுத்தி, போர் முடிந்தபின் திரும்ப மாட்டினார்கள். மாலை வெயில் இறங்கியதும் அந்த மேற்குச் சன்னல்களைத் திரும்பிப் பார்த்தேன். வானத்திலும் கடலிலும் பார்க்காத நீலம். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தொலைநோக்கி ஒன்று கொண்டுபோங்கள். கதைச் சன்னல்களைப் பெரும்பாலும் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். பைபிளில் வரும் நல்ல சமாரியர் கதையைச் சொல்லும் சன்னலின் அடியில் செருப்புத் தைப்பவர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அரசரும் புனிதரும் நிறைந்த கோயிலில் அவர்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ரெய்ம்ஸில் நான் இருந்தது மூன்று மணி நேரம், அதுவும் மேகமூட்டமான நாள். நல்ல வெயிலில் அங்கே எனக்கு வேறு மாதிரி தோன்றியிருக்கலாம். சார்த்ரின் உட்சுவர்களை வெளிர் நிறமாகச் சுத்தம் செய்ததில் பலருக்கு வருத்தம் உண்டு. பழைய இருட்டில் நான் அதைப் பார்த்ததில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சார்த்ர் தரையில், சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும்படி கல்லால் பதித்த பாதை ஒன்றும் இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அதன்மேல் நாற்காலி போட்டிருப்பார்கள். நடந்து பார்க்க ஆசை இருந்தால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலிருந்து இலையுதிர்காலம் வரை ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். அப்புறம், மாலை வெயில் வரும்வரை காத்திருக்கிற மாதிரி திரும்பும் ரயிலைப் பிந்தியே வைத்துக்கொள்ளுங்கள்.