கலர் மாறும் ஸ்மார்ட் விளக்கு வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் வெள்ளையைப் பாருங்கள்

அம்மா சாயங்காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்து படிக்க, பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு விளக்கு வேண்டும். தேவை அவ்வளவுதான். கலரும் மாறினால் வீடு அழகாக இருக்குமே என்று ஆசைப்பட்டு ஒரு ஸ்மார்ட் ஸ்டாண்ட் லேம்ப்பை ஆன்லைனில் வாங்கினேன். பணம் போனது, அதோடு ஒரு மாத நிம்மதியும் போனது. இதே யோசனையில் இருப்பவர்கள் தயவுசெய்து படித்துவிட்டு வாங்குங்கள்.

முதல் நாள் ராத்திரி குறை சொல்ல ஒன்றுமில்லை. நீலம், ஊதா, ஆரஞ்சு என்று சுவர் மூலை முழுக்க நிறம் வழிந்தது. மறுநாள் வெள்ளை வெளிச்சத்தில் வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம்கூடப் புரட்டியிருக்க மாட்டார். "ஏம்மா, தாள் எல்லாம் ஊதாவா தெரியுது. என் விரல் நிழலைக் கொஞ்சம் பாரேன்" என்றார். குனிந்து பார்த்தேன். விரல் ஒன்று, நிழல் மூன்று. ஒன்று மஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று வெளிர்நீலம். எழுத்தின் மேல் அந்த நிழல்கள் நகர நகர, அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டே படிக்கப் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. அந்த விளக்கின் தலையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வகை எல்இடிதான் இருக்கிறது. வெள்ளைக்கென்று தனி எல்இடி இல்லை. மூன்றையும் ஒன்றாக எரியவிட்டு அதையே வெள்ளை என்கிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் '1.6 கோடி நிறங்கள்' வருவதும் இதிலிருந்துதான். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 1,67,77,216. கணக்கு சரிதான், ஆனால் படிப்பதற்கு வேண்டிய ஒழுங்கான வெள்ளை அதற்குள் இல்லை. மூன்று நிறங்களுக்கும் இடையில், முக்கியமாக மஞ்சள் பக்கம், ஒளி மிகக் குறைவு. அதனால்தான் துணி, தாள், முகம் எதுவும் அதனதன் நிறத்தில் தெரிவதில்லை.

வெள்ளை எல்இடி தனியாக உள்ள விளக்குகளில் ஆர்ஜிபிடபிள்யூ (RGBW) என்றோ ஆர்ஜிபிசிடபிள்யூ (RGBCW) என்றோ எழுதியிருக்கும். இரண்டாவது வகையில் வெதுவெதுப்பான வெள்ளை, குளிர்ந்த வெள்ளை இரண்டுமே உண்டு. சிஆர்ஐ (CRI) என்ற எண்ணையும் தேடுங்கள். பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான அளவு அது, உச்சம் 100. படிக்கிற இடத்துக்கு 90-க்கு மேல் இருந்தால் நல்லது. அந்த எண்ணையே போடாத விளக்கு என்றால் நான் இனி தொடமாட்டேன்.

அடுத்த ஏமாற்று அடாப்டரில் இருந்தது. விளம்பரத்தில் 24 வாட். கூட வந்த அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 5 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 10 வாட். அதற்கு மேல் அந்த அடாப்டர் கொடுக்கவே கொடுக்காது. வாட்டை விட்டுவிட்டு, விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவான லூமென் எவ்வளவு என்று கேளுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 800 லூமென் தரும். அதை மனதில் வைத்து ஒப்பிட்டால் போதும்.

ஆப் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் விளக்கு சேரும் என்பது எங்கேயும் எழுதியில்லை. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது. ஒரு விளக்கை எரிக்க என் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி எதற்கு? கேட்டது, மறுத்துவிட்டேன். இன்டர்நெட் போனால் நிறத்தையும் மாற்ற முடியாது, வெளிச்சத்தைக் குறைக்கவும் முடியாது. எல்லாம் அந்தக் கம்பெனியின் சர்வர் வழியாகப் போய் வருகிறது. நாளைக்கு அவர்கள் சர்வரை மூடினால் விளக்கில் மிஞ்சுவது ஒரு சுவிட்ச்தான். 2022-இல் வந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தை ஏற்கும் விளக்குகளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இயக்கலாம்.

இதையெல்லாம்விட விற்பனையாளர் நடந்துகொண்ட விதம்தான் இன்னும் ஆறவில்லை. திருப்பி அனுப்ப 7 நாள் கெடு. நான்காம் நாளே புகார் கொடுத்தேன். வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். 48 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள், பொறுத்தேன். பிறகு வேறு கோணத்தில் இன்னொரு வீடியோ. அது போய்ச் சேர்ந்தபோது கெடு முடிந்துவிட்டது. "விளக்கு எரிகிறது, அதனால் பழுது என்று எடுத்துக்கொள்ள முடியாது" என்று பதில் வந்தது. அதன் பிறகு, ஐந்து நட்சத்திரம் கொடுத்து நல்லபடியாக எழுதினால் பாதிப் பணம் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டேன். அந்த அரட்டையை அப்படியே படமெடுத்து, விற்பனைத் தளத்துக்குப் புகாரோடு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அதற்குப் பிறகு பழைய மதிப்புரைகளைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். வாங்கியவர்கள் போட்ட படங்கள் அத்தனையும் இருட்டறையில், நீலத்திலும் ஊதாவிலும் எடுத்தவை. வெள்ளையில் எரிகிற படம் ஒன்றுகூட இல்லை. வாங்கும் முன்பே என் கண்ணில் பட்டிருக்க வேண்டிய விஷயம் அது.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, கெடு இன்னும் முடியாமல் இருப்பவர்கள் இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். விளக்கை வெள்ளையில் வைத்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் கையை நீட்டி நிழலைப் பாருங்கள். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, போன் கேமராவில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு துடிக்கிறது, அதாவது வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது என்று அர்த்தம். பிறகு ரூட்டரில் இன்டர்நெட் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு ஆப்பில் நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் விற்பனையாளரோடு அரட்டையில் நாளைக் கடத்தாமல், தளத்தின் 'திருப்பி அனுப்பு' பட்டனை நேராக அழுத்திவிடுங்கள்.