பீப்பாயில் செய்த விறகடுப்பு: 2022-இல் இருந்து எரித்துப் பார்த்ததில் தெரிந்தவை

பழைய இரும்பில் விறகடுப்பு செய்தால் எவ்வளவு காலம் தாங்கும், விறகு மிச்சமாகுமா, புகை குறையுமா என்று கேட்கிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி 2022-இல் நாங்கள் செய்த அடுப்பு இன்றைக்கும் எங்கள் குசினியில் காலையும் மாலையும் எரிகிறது. வெளியே இருக்கும் பீப்பாய் அதேதான், உள்ளே நெருப்பு ஓடுகிற தொண்டை மட்டும் மாறிவிட்டது. நெருப்பு தின்கிற பாகத்தைக் கழற்றி மாற்றுகிற மாதிரி வைத்தால் அடுப்பு நிற்கும், எல்லாவற்றையும் ஒன்றாக வெல்டிங் பிடித்தால் அந்தப் பாகம் ஓட்டையாகிற அன்று முழு அடுப்பும் பழைய இரும்புக் கடைக்குத் திரும்பப் போகும். அழகாகத் தேய்த்துப் பெயின்ட் அடித்த அடுப்புகளை நிறையப் பேர் படம் பிடித்துப் போடுகிறார்கள், அவற்றில் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான் காணவில்லை.

ஏன் செய்தோம் என்பது இலங்கை மலையகத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை. 2022 ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2,675 ரூபாவில் இருந்து 4,860 ரூபாவுக்கு ஏறியது. தேயிலைத் தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா, அதுவும் 2021-இல்தான் அந்த அளவுக்கு வந்தது. ஐந்து நாள் மலையில் நின்று கொழுந்து பறித்தால் ஒரு சிலிண்டர், அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ஆனது. கேஸுக்கு மாறியிருந்த வீடுகள் எல்லாம் மறுபடி விறகுக்கு வந்தன. எங்கள் பக்கம் விறகுக்குப் பஞ்சமில்லை, புகை போகத்தான் வழியில்லை. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக் குசினி எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா, தாழ்வான தகரக் கூரை, ஒரு சின்ன ஜன்னல், பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவில் கூரை வரைக்கும் போகாத சுவர். அம்மா ஊதாங்குழலை எடுத்தாலே இருமல் தொடங்கிவிடும். விறகை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதைவிட அந்தப் புகையை வெளியே அனுப்ப வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் இருந்தது.

வடிவம் புதிதில்லை. லாரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கர் 1980-களில் வகுத்த ரொக்கெட் அடுப்பின் முறைதான். கிடையாக ஒரு வாய், அதில் இருந்து செங்குத்தாக மேலே போகும் ஒரு குழாய், குழாயைச் சுற்றிச் சூடு வெளியே போகாமல் காப்பு. விறகின் நுனி மட்டும் எரியும், எழும்பும் புகை அந்தச் சூடான குழாய்க்குள்ளேயே திரும்பவும் எரிந்துவிடும். ஹட்டனில் ஒரு கராஜில் வெல்டிங் வேலை செய்யும் மச்சான்தான் வெட்டி ஒட்டித் தந்தார். 200 லீற்றர் பீப்பாயின் அடிப்பகுதியை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டினோம். தொண்டைக்கு ஐந்து அங்குல விட்டமுள்ள கனமான கறுப்புக் குழாய் ஒரு துண்டு. மேலே மூடுவதற்கு ஐந்து மில்லிமீற்றர் தகடு, அதில் பெரிய ஓட்டை ஒன்று, சின்னது ஒன்று. பெரியதில் சோறு, கறி. சின்னதில் எப்போதும் கேத்தல். அதற்கு அந்தப் பக்கம் புகைபோக்கி.

அளவில் ஒரு விஷயத்தை மச்சான் விட்டுக்கொடுக்கவே இல்லை, அவர் சொன்னது சரி. தொண்டையின் மேல் விளிம்புக்கும் சட்டியின் அடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் அடுப்பு இழுக்குமா இழுக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. குழாயின் விட்டத்தில் கால் பங்கு, அதாவது ஐந்து அங்குலக் குழாய்க்கு ஒன்றேகால் அங்குலம். அப்போது மேலே ஏறுகிற காற்று பக்கவாட்டில் விரிகிற இடத்திலும் அதே பரப்பு கிடைக்கிறது. இதைவிடக் குறைந்தால் புகை வாய்ப்பக்கம் திரும்பி வரும், கூடினால் சுவாலை சட்டியைத் தொடாமல் புகைபோக்கிக்குப் போய்விடும். புகைபோக்கியும் தொண்டையைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது.

காப்புக்குப் பலர் மண்ணையும் மணலையும் போட்டு இறுக்குகிறார்கள். அது கனமான பொருள், சூட்டை உறிஞ்சி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காலையில் தேத்தண்ணி கொதிப்பதற்குள் வேலைக்குப் போகிற நேரம் வந்துவிடும். நாங்கள் சலித்த சாம்பலை இறுக்காமல் நிரப்பினோம். அதற்குள் காற்று நிற்கும், செலவும் இல்லை. அடுப்பு முழு வீச்சில் எரியும்போது பீப்பாயின் வெளிப்பக்கத்தில் கை வைக்கலாம், இளஞ்சூடுதான் இருக்கும்.

பழைய இரும்பு தேடப் போகிறவர்கள் இரண்டு பொருளைத் தொடவே வேண்டாம். ஒன்று கேஸ் சிலிண்டர். காலி என்று தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது, உள்ளே மிச்சமிருக்கும் வாயு கிரைண்டர் பொறி பட்டால் வெடிக்கும், அத்தோடு அது கம்பனிக்குச் சொந்தமான பொருள். இன்னொன்று நாகம், அதாவது துத்தநாகம் பூசிய குழாயும் தகரமும், வெள்ளிப் பூ மாதிரி மின்னுமே அதுதான். நாகம் 420 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும், வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அதைச் சுவாசித்தால் அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரும். பீப்பாய் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பெற்றோல், ரசாயனம், பூச்சிமருந்து என்றால் விட்டுவிடுங்கள். நல்ல பீப்பாயாக இருந்தாலும் கழுவி, தண்ணீர் நிரப்பி வெட்டுவதுதான் பாதுகாப்பு. முதல் எரிப்பை வெளியே வெட்டவெளியில் வைத்து, பழைய பெயின்ட் முழுக்கக் கருகி நாற்றம் போன பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

இனி தேய்மானம். ஆறேழு மாதத்திலேயே தொண்டை வளைகிற இடத்தில் உள்பக்கம் கறுப்புச் செதில் செதிலாக எழும்பத் தொடங்கியது. சாம்பல் வாரும்போது கரண்டியில் அந்தச் செதில்கள் கரிக்கட்டையோடு சேர்ந்து வரும், விரலால் நெரித்தால் பிஸ்கட் ஓரம் மாதிரி நொறுங்கும். அது இரும்பு வெந்து உதிர்வது, எந்தக் கனத்தில் போட்டாலும் நடக்கும், கனம் கூடினால் தள்ளிப்போகும் அவ்வளவுதான். எங்கள் குழாய் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூட நின்றது. வெறும் பீப்பாய்த் தகட்டில் தொண்டை செய்த வீடுகளில் அடுத்த மழைக்காலத்தையே அது காணவில்லை. எங்களது வெல்டிங் பிடிக்காமல் சாம்பலுக்குள் நின்ற குழாய் என்பதால் மேல் தகட்டைத் தூக்கிச் சாம்பலை அள்ளிவிட்டு உருவி எடுத்தோம், அரை நாள் வேலை.

இரண்டாவது தொண்டைக்கு இரும்பு போடவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காய வைக்கும் டிரையருக்குப் பெரிய விறகுச் சூளை இருக்கும், அதன் உள்சுவர் தீச்செங்கல். பழுது பார்க்கும்போது உடைந்த கல்லை எல்லாம் வெளியே கொட்டுவார்கள். கேட்டு வாங்கி, வளைவு வரும் அடிப்பாகத்தைக் கல்லாலும் மேலே நேராகப் போகும் பாகத்தை மட்டும் குழாயாலும் வைத்தோம். கல் வைத்த பிறகு முதல் கேத்தல் கொதிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது, கல் சூடாக வேண்டுமே. ஆனால் கல் அப்படியே இருக்கிறது, ஒரு மூலைகூடத் தேயவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் அவசரமாகத் தேத்தண்ணி வைக்கிற வீடு என்றால் இரும்புத் தொண்டை போதும். சோறு, கறி, ரொட்டி, குளிக்கச் சுடுதண்ணி என்று தொடர்ந்து எரிகிற வீட்டுக்குக் கல்தான்.

விறகுக்கு வருவோம். இந்த அடுப்புக்கென்றே பிறந்த விறகு தேயிலை மிலாறு. கவ்வாத்து, அதாவது செடியைக் கழித்து வெட்டிய மலையில் இருந்து சுமந்து வரும் கொப்புதான் மிலாறு, விரல் தடிப்பில் இருந்து கைமணிக்கட்டுத் தடிப்பு வரை இருக்கும், கெட்டியான கட்டை, கோணல் மாணலாக இருந்தாலும் ஒரு அடிக்கு வெட்டினால் வாயில் ஒழுங்காக உட்காரும். ஆனால் அப்படியே போட்டால் புகையும். காரணம் கட்டையைவிட அதன் மேல் இருக்கும் பாசி. எங்கள் பக்கத்து மூடுபனியில் பழைய தேயிலைச் செடியின் கொப்பெல்லாம் பச்சையும் சாம்பலுமாகப் பாசி படர்ந்து கிடக்கும், வெட்டி ஒரு மாதம் ஆன பிறகும் அது பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கவ்வாத்துக் கத்தியின் முதுகால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டு அடுப்புக்கு மேலே இருக்கும் அட்டலில் (பரணில்) அடுக்கினால் காய்கிற நேரம் பாதியாகக் குறைகிறது. தென்மேற்குப் பருவம் மே மாதத்தில் தொடங்கினால் வெயிலை நம்ப முடியாது, அதனால் மாசி, பங்குனியிலேயே அட்டல் நிறைந்திருக்க வேண்டும். யூக்கலிப்டஸ் நன்றாக எரியும், பிளக்கத்தான் கஷ்டம். சவுக்கு சுமார். பைனில் பிசின் அதிகம், புகைபோக்கி சீக்கிரம் அடைக்கும், நான் போடுவதில்லை.

முன்பு மூன்று கல்லில் எரித்ததற்கும் இதற்கும் விறகில் நல்ல வித்தியாசம் தெரிகிறது, ஒரு கட்டு மிலாறு இப்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் ஓடுகிறது. காய்ந்த விறகு இருந்தால் மட்டும்தான் இந்தக் கணக்கு. ஈர விறகைப் போட்டால் எந்த அடுப்பும் புகை அடுப்புதான்.

புகைபோக்கியைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் லயத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஒரு வீட்டோடு நிற்காது. கூரையைத் தாண்டும் இடத்தில் குழாய் மரச் சலாகையையோ சீலிங் பலகையையோ தொடவே கூடாது. எங்கள் குழாயைச் சுற்றி இன்னொரு பெரிய குழாய், நடுவில் காற்று, அதற்கும் வெளியே ஒரு சாண் தூரத்துக்கு மரம் எதுவும் இல்லை. குழாய்த் துண்டுகளைச் செருகும்போது மேல் துண்டின் வாய் கீழ்த் துண்டுக்குள் போக வேண்டும். பார்ப்பதற்கு மழைநீர்க் குழாய் மாதிரித்தான், மாற்றிச் செருகினால் மழைக்காலத்தில் குழாய்க்குள் படிகிற தார்த்தண்ணீர் மூட்டு வழியாகச் சுவரில் கறுப்பாக வழியும், அந்தக் கறை போகவே போகாது. கூரை முகட்டைவிட உயரமாகக் கொண்டுபோய் மேலே ஒரு தொப்பி வையுங்கள், இல்லாவிட்டால் பள்ளத்தில் இருந்து எழும்பும் காற்று புகையைத் திருப்பி அடிக்கும். மாதத்துக்கு ஒரு தடவை, மழைக்காலத்தில் இன்னும் கூட, கயிற்றில் சாக்குப் பந்து ஒன்றும் கல்லும் கட்டி மேலிருந்து விட்டு இழுத்தால் கரி உதிரும். இதைச் சோம்பல்படாமல் செய்ய வேண்டும். உள்ளே தடித்த தார் பிடித்தால் ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், நுனி எரிய எரிய விறகைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய கட்டையைத் திணித்துவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போய்வருகிற வசதி மூன்று கல் அடுப்பில் இருந்தது, இதில் இல்லை. கடலை, கௌப்பி வேக வைக்கும் நாளில் அது பெரிய தொல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், நாங்கள் அதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தாலும் பயறு வகை வேகக் கீழ்நாட்டைவிட நேரம் எடுக்கும். பிரஷர் குக்கரை அடுப்பில் வைத்த பிறகுதான் அம்மா சமாதானமானார். சட்டியை எடுத்தவுடன் ஓட்டையை மூடாவிட்டால் புகை குசினிக்குள் வரும், அதற்கென்று ஒரு தகட்டு மூடி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எங்கள் அம்மாயி சொன்ன குறைதான் நான் எதிர்பார்க்காதது. "அடுப்பு நல்லாத்தான் எரியுது சாமி, ஆனா குளிர் காய முடியலையே." உண்மைதான். மார்கழி, தை மாதத்தில் வயதானவர்களுக்கு அடுப்படிதான் இருப்பிடம், காப்புப் போட்ட அடுப்பு அந்தச் சூட்டைச் சட்டிக்கு மட்டும் கொடுக்கிறது. புகைபோக்கியை நேராக மேலே ஏற்றாமல் சுவரோரமாக இரண்டு அடி சரிவாக ஓடவிட்டு ஏற்றினோம், அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு அம்மாயி உட்கார்ந்துகொள்கிறார். தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கிற அறைக்குள் வைக்கிற பழக்கத்தை மட்டும் வீட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். கதவு ஜன்னல் பூட்டிய அறையில் கரித் தணலில் இருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

எரிந்து தொண்டைக்குள் விழுகிற சாம்பலை அங்கேயே விட்டு வைக்காதீர்கள், எங்கள் ஊர் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும், அடித்தகடு துருப்பிடிக்கும். பீப்பாயையும் நிலத்தில் வைக்காமல் செங்கல்லில் தூக்கி வையுங்கள். வாரிய சாம்பல் கரட், லீக்ஸ் பாத்திக்கு நல்லது. தேயிலைக்கு வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், சாம்பல் அதைக் கெடுக்கும்.

வெல்டிங் தெரிந்த ஆள் வீட்டுப் பக்கம் இல்லை, கூலி கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் நான் அனகி அடுப்பைத்தான் வாங்கச் சொல்வேன். 1980-களில் இருந்து நாட்டில் பரவிய மண் அடுப்பு, இரண்டு சட்டி வைக்கலாம், விலையும் குறைவு, சுற்றி மண் பூசி வைத்தால் நன்றாக உழைக்கும். புகைபோக்கி கிடையாது, புகை போகக் குசினியில் வழி இருக்க வேண்டும். வழி இல்லாத குசினிக்குத்தான் இந்த இரும்பு வேலை தேவைப்படுகிறது.

பொகவந்தலாவையில் கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு இப்போது ஒன்று செய்கிறோம். அதில் தொண்டையின் அடிப்பாகம் ஆரம்பத்திலேயே தீச்செங்கல், சாம்பல் வார அடியில் இழுத்தெடுக்கிற தட்டு, வாய் கதவைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி. அவள் குசினிக் கதவு மேற்கைப் பார்த்தது, ஜூன் மாதக் காற்று நேராக உள்ளே அடிக்கும். பீப்பாய் கிடைத்துவிட்டது, குழாய்க்குத்தான் மச்சான் சொல்லி வைத்திருக்கிறார்.