மூணு மாசப் பயிற்சியா, ரெண்டு வருஷப் படிப்பா: நீலகிரிக்கு எது?

நோய் பரவினால் களத்தில் இறங்கித் துப்பறிய ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார்செய்ய 3 மாத முன்களப் பயிற்சியும் இருக்கிறது, 2 வருட முழுப் பயிற்சியும் இருக்கிறது.

3 மாதத்தில் வகுப்பு கொஞ்சம்தான். சுகாதார ஆய்வாளர் வேலையில் இருந்தபடியே தன் பகுதிப் பதிவேட்டை வைத்துப் படிக்கிறார். பந்தலூரில் ஒரு எஸ்டேட் லயனில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரே வாரத்தில் ஐந்தாறு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால், யார், எந்த வீடு, எந்தத் தேதி என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, எல்லோரும் குடித்தது ஒரே ஊற்றுத் தண்ணீரா என்று கேட்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

2 வருடம் வேறு ரகம். சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் நடத்துகிறது. நோய் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிட்டுக் காரணத்தை நிறுவுவது, கண்காணிப்பு முறையையே எடைபோடுவது எல்லாம் இதில்தான் கைவரும். படித்தவர் மலையில் தங்குவாரா என்பது தனிக் கதை.

2 லட்சம் பேருக்கு இப்படிப் பயிற்சி பெற்றவர் ஒருவர் என்பது உலக அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் நீலகிரியில் சுமார் 7.35 லட்சம் பேர், ஆக நான்கு பேர் போதும். ஆனால் நோய்ப் பரவலை 7 நாளில் கண்டுபிடி, 1 நாளில் தகவல் சொல், 7 நாளில் முதற்கட்ட நடவடிக்கையை முடி என்ற இலக்கில் அந்த முதல் 7 நாள் ஊட்டி அலுவலகத்தில் இருப்பவர் கையில் இல்லை. 2018ல் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்தவரும் விழுந்த பிறகுதான் நிபா வைரஸ் என்ற சந்தேகமே வந்தது. கூடலூர் பக்கத்து நாடுகாணியைத் தாண்டினால் அந்தப் பக்கம் கேரளாதானே.

என் ஓட்டு: கூடலூர், பந்தலூருக்கு முதலில் 3 மாதக்காரர்கள், அப்புறம் அவர்களில் ஆர்வமுள்ளவரை 2 வருடத்துக்கு அனுப்பலாம்.